இடது பக்கம் மட்டும்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் கடை. உலகத்தில் இரண்டே ஜாதி மனிதர்கள் என்பது அவர் எண்ணம்: அவர் கடையில் வேலை செய்பவர்கள், உருப்படாதவர்கள். ஒன்றரை வருடம் மசாஜ் படித்து, எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டுகிறது என்று எழுதித் தேறி, சான்றிதழோடு நான் வந்து நின்றபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"ஊரான் முதுகைத் தடவிக் குடுக்க ஒரு சர்டிபிகேட்டா? இந்த மாசம் முழுக்கத் தேடிக்கோ. கிடைக்கலேன்னா ஒண்ணாம் தேதி கடையில வந்து உட்காரு."

"அத்தான் உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றாரு" என்றாள் அக்கா. அவர் தும்மினாலும் அவளுக்கு அது ஊர் நன்மைக்குத்தான். அந்தக் கடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததில்லை. அவருடைய சித்தி மகன்கள் இருவர் ஒன்பது வருடமாக அங்கே டப்பா துடைக்கிறார்கள். தங்குவதும் அவர் வீட்டில், வேலையும் அவரிடம் என்றால் நான் செத்தேன்.

ஊர் பூராவும் அலைந்தேன். ஒரு ஓட்டலில் முழு உயரப் போட்டோ கேட்டார்கள். கையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்காரன் "அப்படியே கூட்டிப் பெருக்கிடுவியா?" என்றான். இருபத்தெட்டாம் தேதி, 'ஆட்கள் தேவை' என்று வாசலில் எழுதியிருந்த மசாஜ் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

வரவேற்பு மேஜையில் ஒருத்தி விரல்நீள நகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "சார் மேலயே செஞ்சு காட்டணும். ஒரு மணி நேரம்" என்றாள். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். சமையல்காரன் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துத்தானே அவனை வைத்துக்கொள்கிறோம்?

நேர்முகத் தேர்வு என்று பேர். முதலாளியின் முகத்தையே நான் பார்க்கவில்லை. மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்து, தலைமாட்டில் மூச்சு விட வைத்திருக்கும் ஓட்டைக்குள் முகத்தை விட்டு, தரையைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நான் படித்த முறைப்படி முதலில் விசாரித்தேன்: ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் ஏதாவது, கடைசியாக மசாஜ் எப்போது.

"நமக்கெல்லாம் ஏதும்மா நேரம்? ஆறு மாசம் ஆச்சு."

முதுகில் கை வைத்ததும் பொய் தெரிந்துவிட்டது. ஆறு மாதம் யாரும் தொடாத முதுகு இப்படிச் சூடாக, சிவந்து, வேகவைத்த கிழங்குபோல் குழைந்து கிடக்காது. வலது இடுப்புப் பக்கம் ஒருத்தி கட்டைவிரலால் அழுத்திய தடம். முதுகின் நடுவில் வேறொருத்தியின் முழங்கை. இரண்டு விதமான எண்ணெய் வாசனை வேறு. இங்கே வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேலை தேடி வருகிறவர்களைக் கொண்டு இந்த ஆள் தினமும் முதுகு பிடித்துக்கொள்கிறார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜென்மம்.

ஆனால் தோள்பட்டை எலும்புக்கடியில் இரண்டு பக்கமும் முடிச்சு இறுகியே இருந்தது. வந்தவர்களில் ஒருத்திக்கும் அது கைவரவில்லை. எனக்கு வரும். அரைமணி நேரத்தில் இடது பக்கத்தை அவிழ்த்தேன். ஆள் ஓட்டைக்குள் முனகினார். நான் கையை எடுத்தேன்.

"வலது பக்கம்?"

"வேலைக்கு ஆர்டர் கைக்கு வந்ததும் செய்றேன் சார். காலையிலேருந்து நான் எத்தனாவது ஆள்?"

"நாலாவது" என்றார் தரையிடம். வெட்கம்கூட இல்லை!

ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்து விட்டுப் போகக்கூடாது என்று சொல்லித்தான் எங்களுக்குப் பாடமே தொடங்கும். மறுபக்கம் அதுவரை தெரியாத கனத்தையெல்லாம் காட்டும். தெரிந்தேதான் விட்டு வந்தேன். பஸ் நிறுத்தம் வரை ராணிபோல் நடந்தேன். பஸ்ஸில் பெயிண்ட் வாடை நினைவுக்கு வந்ததும், ஒண்ணாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணினேன்.

மறுநாள் சாயங்காலம் நகக்காரி கூப்பிட்டாள். "சாரால கழுத்தைத் திருப்ப முடியலம்மா. இன்னிக்கு மூணு பேர் வந்தும் சரியாகல. ஆர்டர் அடிச்சு வெச்சிருக்காரு, வா."

போனேன். கடிதத்தைப் பைக்குள் வைத்த பிறகுதான் எண்ணெயைத் தொட்டேன். வீட்டில் அத்தான் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

முதல் நாள் காலையில் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "வாசல் போர்டு அப்படியே இருக்கட்டும். வர்றவங்களை இனிமே நீதான் உள்ள அனுப்பணும். கை யாருக்கு இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்?"

பத்து மணிக்கு ஒருத்தி வந்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள், சொந்தத் துண்டை மடித்துக் கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, நெஜமாவே இங்க இடம் காலி இருக்கா? எல்லாரும் சும்மா அலைய விடறாங்க."

கதவுக்குப் பின்னால் முதலாளி மேஜையில் ஏறிப் படுக்கும் சத்தம் கேட்டது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்.

"இருக்கும்மா. நல்லா செஞ்சா கிடைச்சிடும்" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா" என்று உள்ளே போனாள்.

அத்தானை நான் எத்தனையோ கேவலமாகப் பேசியிருக்கிறேன். அந்த மனுஷன் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.