கணியூருக்கு ஒரு லிட்டர்

ஒரு கிலோ நூலில் ஊரெல்லாம் ஒரு கணக்குப் பனியன் எடுத்தால், வீரபாண்டி சென்னிமலை அதற்கு மேலே ஒன்று எடுப்பான். எப்படி என்று கேட்காதீர்கள். அவன் கம்பெனிப் பனியனை ஒரு தடவை துவைத்துப் போட்டுப் பாருங்கள், தொப்புளுக்கு மேலேயே நின்றுகொள்ளும். இங்கே ஒரு விரல்கடை, அங்கே ஒரு விரல்கடை என்று மிச்சம் பிடித்துத்தான் இரண்டு நிட்டிங் மிஷின், ஒரு ஓட்டுக் கொட்டகை, கடைசியாக ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்திருந்தான்.

வண்டி வாங்கிய நேரம் பாருங்கள், அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெயை இறுக்கிப் பிடித்து, பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம். மற்றவர்கள் வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு பஸ் ஏறினார்கள். சென்னிமலைக்கோ கை துறுதுறுத்தது. நூலில் காட்டிய வித்தையைப் பெட்ரோலில் காட்ட முடியாதா என்ன? இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவான். ஹாரன் அடித்தால் பெட்ரோல் குடிக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, அன்றிலிருந்து ஹாரனைத் தொட்டதில்லை. "வழி உடுங்கோவ்" என்று தொண்டையாலேயே கத்திக்கொண்டு போவான். வீரபாண்டி எருமைகளுக்கு அவன் குரல் நன்றாகப் பழகிவிட்டது.

கூடவே வாயும் நீண்டது. டீக்கடையில் உட்கார்ந்து, நாற்பது மைலுக்கு மேல் இருக்கிற கணியூர் வரைக்கும் ஒரே லிட்டரில் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர் நூல் வியாபாரி லிங்கசாமி. அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, பொண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றான். நூல் மூட்டைக்கு வைப்பதுபோல டேங்க் மூடியில் நானே அரக்கு வைத்துவிடுகிறேன், முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்தால் நூல் கடை வீதி முழுக்க உன் பேரை நானே பாடுகிறேன் என்றார் லிங்கசாமி. சென்னிமலைக்கு அந்தப் பாட்டு அப்போதே காதில் விழுந்துவிட்டது.

கணியூருக்குப் போக வேண்டிய காரணம் வேறு. அவன் தங்கை மருதாளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுடைய சின்னப் பெண் அமராவதிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவனுக்குக் குத்தியபோது சென்னிமலை, போகிற வழியில் நாலு இடத்தில் பனியன் பண்டலை இறக்கிவிட்டுப் போனால் பஸ் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டான். போய்ச் சேர்ந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இடத்தில் சித்தப்பன் மகன் சாமியப்பன் உட்கார்ந்து எழுந்துவிட்டான். அந்தப் போட்டோ இன்றைக்கும் மருதாள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மடியில் பிள்ளை, முகத்தில் முப்பத்திரண்டு பல், சாமியப்பன்.

மருதாள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவனுக்கு மனசு ஆறியிருக்கும். இந்தத் தடவை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள்: நல்ல நேரத்தில் மாமன் மணை காலியாக இருந்தால் யார் உட்கார்ந்தாலும் நான் தடுக்க மாட்டேன், அதற்கப்புறம் அண்ணனுக்கு இந்த வீட்டில் மடியும் கிடையாது, படியும் கிடையாது. இதைக் கேட்டு சென்னிமலைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு லிட்டர் சபதத்தை விட மனசு வரவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தான்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் லிங்கசாமி அரக்கோடு வந்துவிட்டார். டேங்கைச் சுத்தமாகக் காலி பண்ணி, லிட்டர் பாட்டிலில் அளந்தார்கள். ஊற்றப் போனபோது சென்னிமலை கையைத் தடுத்தான். நூலில் தூசி இருந்தால் மிஷினில் ஊசி உடையும். அப்படியென்றால் பெட்ரோலில் தூசி இருந்தால் மைலேஜ்தானே உடையும்? மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பனியன் துணியில் ஒரு முழம் வெட்டி, இரண்டாக மடித்து, டேங்க் வாயில் கட்டி, பெட்ரோலை அதன் வழியே வடிகட்டினான். சலவைக்குப் போகாத புதுத் துணி, பஞ்சு பஞ்சாக இருந்தது. அதைத்தான் அவன் சுத்தம் என்று நினைத்தான். லிங்கசாமி மூடியை நூலால் நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி, தன் கடை முத்திரையை அழுத்தினார்.

அவன் பெண்டாட்டி நஞ்சம்மாள் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஏறியதுதான் தாமதம், உத்தரவுகள் ஆரம்பித்தன. சீலைத் தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும், காற்றுப் பிடிக்கும். நிமிர்ந்து உட்காரக் கூடாது, அதுவும் காற்றுப் பிடிக்கும். பேசக் கூடாது. ஏன் என்று கேட்டாள். இதுவும் பேச்சுதான் என்றான். மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். பல்லடம் தாண்டுவதற்குள் மூன்று மேடு, குடிமங்கலம் வருவதற்குள் எத்தனை என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். தலைக்கு மேல் தட்டும் கையில் செருப்புமாக அவள் மேடேறி வர, உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, சீக்கிரம் வா, இறக்கம் வீணாகிறது என்பான் சென்னிமலை. வழியில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்து, பாவம் எந்தக் கோயிலுக்கு வேண்டுதலோ என்று பேசிக்கொண்டார்கள்.

உடுமலைப்பேட்டையைத் தாண்டியபோது சென்னிமலைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று, அதற்கும் பைசா கிடையாது. லிங்கசாமி நூல் கடை வீதியில் எந்த முனையிலிருந்து பாட ஆரம்பிப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வண்டி ஒரு இருமல் இருமியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது.

உதைத்தான். மறுபடியும் உதைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தான். வண்டி கம்மென்று இருந்தது. டேங்கில் காதை வைத்துக் குலுக்கினான். களக் களக் என்று உள்ளே பெட்ரோல் இருந்தது. இருந்தும் ஓடவில்லை. மூடியைத் திறந்துதான் பாருங்களேன் என்றாள் நஞ்சம்மாள். முத்திரை போய்விடுமே என்றான். கொஞ்ச தூரம் தள்ளினான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கையில் இருந்த கடிகாரத்தை அவன் பார்ப்பதும் வேண்டுமென்றே பார்க்காததுமாக நடந்தான்.

நஞ்சம்மாள் தட்டை ஒரு மைல் கல்லின் மேல் வைத்தாள்.

"ஏனுங்க, அந்த போட்டாவுல இந்தத் தடவையும் சாமியப்பந்தான் பல்லக் காட்டோணுமுங்களா?"

சென்னிமலை நின்றுவிட்டான். அந்தப் பல் அவன் கண் முன்னால் வந்து நின்றது. தங்கை ஒன்றும் பேசாமல் தண்ணீர் வைத்த கையும் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து உடுமலைப்பேட்டையிலிருந்து கணியூர் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வர, ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

ஆட்கள் ஏறலாம், வண்டி ஏறாது என்றார் கண்டக்டர். வண்டியை விட்டுவிட்டு வர சென்னிமலைக்கு மனசில்லை; அரக்கோடு அதுவும் கணியூர் சேர வேண்டும். கடைசியில் காது குத்து, தாய்மாமன், மடி என்று அவன் கண்கலங்கிச் சொன்னதில் பஸ்ஸே இறங்கிவிட்டது. ஆறேழு பேர் கயிறு போட்டு மோட்டார் சைக்கிளைக் கூரைக்குத் தூக்கி, வாழைத்தார்களுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவே படுக்க வைத்துக் கட்டினார்கள். கட்டணத்தைக் கேட்டு சென்னிமலைக்கு உயிர் போய் வந்தது.

அதோடு முடியவில்லை. படுத்த வண்டியிலிருந்து பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக வாசனை வந்தது. ஒருவர் அவசரமாக பீடியை அணைத்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சென்னிமலை மட்டும் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டான்.

கணியூரில் அய்யாசாமி வீட்டு முன்னாலேயே பஸ் நின்றது. அய்யாசாமி மருதாளின் புருஷன். கிணற்று ஆயில் எஞ்சினை ராத்திரி பகல் பாராமல் பிரித்துப் பூட்டுகிறவன். பந்தலில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மணைப் பலகையில் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு சாமியப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஸ்கூட்டர் வாசலில் பளபளவென்று நின்றது. ஆனால் மடி காலி. குழந்தை அமராவதி பந்தல் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாமியப்பன் மடிக்கும் வரவில்லை, அம்மா இழுத்தும் வரவில்லை.

பஸ் கூரையிலிருந்து மோட்டார் சைக்கிள் கயிற்றில் தொங்கி இறங்குவதைப் பார்த்ததும் அழுகை பாதியில் நின்றது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நேரே ஓடி வந்து வண்டியைத் தொட்டாள். அப்புறம் அதன் மேல் ஏற்றச் சொல்லி மாமனிடம் கையைத் தூக்கினாள். சென்னிமலை உட்கார்ந்து அவளை முன்னால் வைத்துக்கொண்டான். இனி இறக்கினால் நேரத்துக்குக் காது குத்த முடியாது என்று ஆசாரிக்குப் பட்டுவிட்டது. மடி எங்கே இருந்தால் என்ன, மாமன் மடிதானே என்று ஊசியோடு எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். ஊசியைக் கண்டதும் குழந்தை மறுபடியும் அலறினாள். அலறலின் நடுவே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வண்டி 'டுர்' என்று சொல்ல வேண்டும்.

அய்யாசாமி ஸ்பேனரோடு குனிந்தான். கார்புரேட்டரைக் கழற்றி வாய் வைத்து ஊதினான். உள்ளேயிருந்து பூனைக்குட்டிக்குத் தலையணை ஆகிற அளவுக்குப் பஞ்சு வந்தது.

"என்னுங்க மச்சான், கார்புரேட்டருக்குப் பனியன் போட்டு உட்டிருக்கீங்க?"

பந்தலே சிரித்தது. சாமியப்பன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான். சென்னிமலை காதில் வாங்காமல் உதைத்தான். ஒரே உதை, வண்டி உயிர் பெற்றது. குழந்தை முகம் மலர்ந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தன் கையில் கேட்டாள், கொடுத்தான். அவள் திருகத் திருக வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது, புகை பந்தலைச் சுற்றியது. இஞ்ச் இஞ்ச்சாக நடந்து, தள்ளி, மூச்சைப் பிடித்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஓரடி நகராமல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அந்த உறுமலின் நடுவே ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார். குழந்தைக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது காதுக்கு ஊசி எடுத்தபோது வண்டி இருமியது. இது பஞ்சு இருமல் அல்ல. குலுக்கினால் சத்தமில்லை. எஞ்சின் அடங்கியது, குழந்தையின் உதடு பிதுங்கியது. ஆசாரி வானத்தைப் பார்த்தார். நேரம் முடியப் போகிறது, ஒரு காதோடு நிறுத்தக் கூடாது என்றார்.

மூடியின் மேல் லிங்கசாமியின் அரக்கு சிவப்பாக, கீறல்கூட விழாமல் இருந்தது. பஸ் கூரையில் வந்ததைச் சொல்லாமல் இந்த அரக்கோடு ஊர் திரும்பினால், ஒரே லிட்டரில் கணியூர் போனவன் என்று சொல்லிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. சென்னிமலை அதை ஒரு முறை பார்த்தான். பிறகு பல்லால் நூலைக் கடித்து இழுத்தான். அரக்கு பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"சாமியப்பா, உன்ற ஸ்கூட்டர்ல இருந்து கொஞ்சம் ஊத்து சாமி."

வாழ்க்கையில் அவன் சாமியப்பனிடம் எதையும் கேட்டதில்லை. சாமியப்பன் ஜரிகை வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, பெட்ரோல் ஒரு மடக்குக் குடித்து, துப்பி, ஒரு செம்பு நிறையக் கொண்டு வந்து தானே ஊற்றினான். வண்டி உறுமியது. இரண்டாவது காதும் முடிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மருதாள் தோட்டை எடுத்துக் கொடுக்க வந்தவள், அண்ணன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். பெட்ரோல் நாறுது அண்ணா என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் பந்திக்கு நகர்ந்தார்கள். குழந்தை மாமன் நெஞ்சில் சாய்ந்து, கை ஆக்ஸிலரேட்டரில் இருக்க, அப்படியே தூங்கிப் போயிருந்தாள். வண்டி தடதடவென்று நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நஞ்சம்மாள் இலையில் பலகாரம் கொண்டு வந்தவள் பதறிப்போய், எல்லாம் முடிந்துவிட்டதே, சாவியைத் திருப்புங்கள் என்றாள். அணைத்தால் குழந்தை எழுந்துவிடும் போலிருந்தது.

"ஓடட்டும் அம்மிணி," என்றான் சென்னிமலை, குழந்தையின் காதுக்கு மேல் ஈ உட்காராமல் கையால் விசிறிக்கொண்டே.