படலையில் வேப்பிலை

நெடுந்தீவுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில்தான் பரிமளம் முழங்காலளவு கடலுக்குள் இறங்கினாள். அதற்கு மேல் ஓரடி வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். உரும்பிராய்க்காரிக்குக் கிணறு தெரியும், துலா தெரியும். காலடி மணலை உருவிக்கொண்டு போகிற தண்ணீரை அவள் அதுவரை கண்டதில்லை.

"வாருமப்பா. இடுப்பளவு தண்ணியில ஆரும் செத்ததில்லை," என்றான் அவள் கணவன் தியாகலிங்கம். அவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான்.

"சீலை நனைஞ்சிடும்."

"கடலுக்கு வந்து நனையாமல் போறதெண்டால் ரீச்சரம்மா யாழ்ப்பாணத்தில படம் பார்த்திட்டு வீட்டை போயிருக்கலாமே."

அவள் திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். அவன் பகிடி விட்டு ஒன்பது மாதமாகியிருந்தது.

கலியாணமாகி எட்டு வருடம். பதுளையில் கடை வைத்திருந்தவன் வருடத்தில் மூன்று தரம் ஊருக்கு வருவான். வந்த நாட்களும் கோயில், கலியாணவீடு, செத்தவீடு என்று உறவுகளுக்கே போய்விடும். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினான். அதன்பிறகு உரும்பிராய் வீட்டில் ஒரு கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். படுக்கச் சொன்னால் படுத்தான். சித்திரை விடுமுறைக்கு, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் பூட்டியதும் பரிமளம் ஒரு முடிவெடுத்தாள். நெடுந்தீவில் அவனுடைய மாமியின் வீடு கடற்கரையோரம் பூட்டிக் கிடந்தது. அங்கே பத்து நாள், இரண்டு பேர் மட்டும். இழுக்காத குறையாகத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பகிடிக்காகவே அன்று இன்னும் இரண்டடி எடுத்து வைத்தாள்.

பின்னேரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடிய நெஞ்சிலும் முதுகிலும் நீர்க் கொப்புளங்கள். வீட்டுத் திறப்பை வைத்திருந்த பக்கத்து வளவுச் சின்னாச்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உடனே கைகூப்பினாள்.

"அம்மாள் வந்திருக்கிறா, பிள்ளை."

போகும்போது ஒரு கொத்து வேப்பிலையை முறித்துத் தெருப் படலைக் கதவில் செருகிவிட்டுப் போனாள். அது செருகினால் பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவரும் வரமாட்டார்கள். இளநீரும் நுங்கும் படலையடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். தாளிதம் கூடாது. மருந்து கூடவே கூடாது. ஏழாம் நாள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வார்க்கும்வரை உடம்பில் துளி தண்ணீர் படக்கூடாது.

இதெல்லாம் பரிமளத்துக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அண்ணனுக்கு அம்மாள் கண்டது. தகப்பன் பிடிவாதமாக டொக்டரைக் கூட்டிவந்து ஊசி போடுவித்தார். அடுத்த நாள் அண்ணன் போய்விட்டான். "ஊசி குத்தித்தான் அவ கோவிச்சவ," என்று தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னாளில் பரிமளம் ஆறாம் வகுப்புக்குச் சுகாதாரம் படிப்பித்தாள். கொப்புளிப்பான் ஒரு தொற்றுநோய் என்று தன் கையாலேயே கரும்பலகையில் எழுதினாள். வகுப்பில் எழுதியது வகுப்போடு நின்றது.

"இஞ்சாருமப்பா, உடம்பெல்லாம் நெருப்பாய்க் கிடக்கு. என்னை ஒருக்காக் கடல்ல இறக்கிவிடுமன்," என்பான் தியாகலிங்கம்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஏழாம் நாள் மட்டும் பொறுங்கோ."

வேப்பிலைக் கொத்தால் அவன் முதுகை மெதுவாகத் தடவிவிடுவாள். அலைச்சத்தம் சன்னலால் வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் இருமல் தொடங்கியது. மத்தியானத்துக்குச் சற்று முந்திச் சின்னாச்சியின் புருசன் மார்க்கண்டு படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"ரீச்சர், தம்பி இருமுறது எங்கட வளவுக்குக் கேக்குது. அப்போதிக்கரி ஐயா மருந்துப் பெட்டியோட இண்டைக்கு இந்தப் பக்கம் வாறார். மறிக்கட்டோ?"

"ஓம், மறியுங்கோ அண்ணை," என்று உள்ளேயிருந்து தியாகலிங்கம் சொன்னான். அவன் குரல் படலை வரை போகவில்லை.

"வேண்டாம்," என்றாள் பரிமளம்.

"எனக்கு மூச்சுக் கட்டுது."

"தண்ணி வார்த்தால் எல்லாம் இறங்கீடும். அண்ணாவுக்கு நடந்ததை உங்களுக்குச் சொன்னனான்தானே."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி. முகமே காணாத மச்சானுக்காகப் பொறுக்கிறன்."

பரிமளம் படலைக்குப் போய், "வேண்டாம் அண்ணை, அவருக்குச் சுகமாய்க் கிடக்கு," என்றாள். சற்று நேரத்தில் கல்வேலிக்கு அப்பால் அப்போதிக்கரியின் சைக்கிள் மணி கேட்டது. அது தெற்குப் பக்கமாகப் போய்த் தேய்ந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் விடிய அவனுடைய உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. படுத்தால் மூச்சில்லை. அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தான். இருமியபோது துவாயில் இரத்தம்.

பரிமளம் தலைமயிரைக்கூட முடியாமல் மார்க்கண்டு வளவுக்கு ஓடினாள்.

"அண்ணை, அப்போதிக்கரி ஐயாவைக் கூட்டி வாங்கோ."

"அவர் வருசப்பிறப்புக்கு நேற்றே ஊருக்குப் போயிட்டார், ரீச்சர்."

"அப்ப வண்டிலைக் கட்டுங்கோ. துறைக்குப் போவம்."

சின்னாச்சி குறுக்கே வந்தாள். "தண்ணி வார்க்கேல்லை. அம்மாள் கண்டவரைக் கடல் கடத்தப் போறியோ, பிள்ளை?"

"ஓம்," என்றாள் பரிமளம்.

துறையில் பயணிகள் வள்ளம் புறப்பட நின்றது. வருசப்பிறப்புக்குப் போகிற சனம், மடிக்கு மடி குழந்தைகள். வண்டிலில் அவனுடைய முகத்தைக் கண்டதும் ஒரு பெண் தன் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடினாள்.

"கடவுளே, இவரையோ எங்களோட ஏத்தப் போறியள்? குழந்தை குஞ்சுகள் இருக்கு!"

"ஒரு மூலையில இருக்கிறம். நான் அவரை மூடி வைச்சிருக்கிறன். அவருக்கு மூச்சு ஏலாமல் கிடக்கு," என்று பரிமளம் கும்பிட்டாள்.

வள்ளக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சனம் இறங்கீடும் ரீச்சர். நான் என்ன செய்ய?"

அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. இரண்டு நாளுக்கு முன் அந்த வள்ளத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். வள்ளம் போனது. அது சின்னதாகும்வரை அவள் கூப்பியிருந்த கையை எடுக்கவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த யாகப்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். கிட்ட வந்து தியாகலிங்கத்தின் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"எனக்குச் சின்னனில வந்து போனது. இன்னொருக்கா வராது. ஏத்துங்கோ அக்கா. மெசின் பழசு, ஆனால் போகும்."

மார்க்கண்டுவும் அவனுமாகத் தூக்கி ஏற்றினார்கள். வள்ளத்தின் அடியில் பாயை விரித்து, தியாகலிங்கத்தைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு பரிமளம் இருந்தாள். கரையை விட்டதும் காற்று எதிரே நின்றது. ஒவ்வொரு அலையும் வள்ளத்தின் முன் அணியத்தில் உடைந்து அவள் மேல் கொட்டியது. தன் முதுகைக் கொடுத்து அவனை நனையாமல் காத்தாள்.

அவனுடைய கை எதையோ தேடியது. விளிம்பைத் தேடுகிறான் என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"தண்ணி," என்றான்.

அவள் குனிந்து கை நிறையக் கடலை அள்ளினாள்.

"உப்புத் தண்ணி அக்கா, புண் எரியும்," என்றான் யாகப்பு.

"அவர் ஐஞ்சு நாளாய்க் கேக்கிறார்."

நெற்றியில் விட்டாள், கழுத்தில் விட்டாள், நெஞ்சில் விட்டாள். அவன் கண்ணைத் திறந்தான். சொட்டச் சொட்ட நின்ற அவள் தலையையும் உடம்போடு ஒட்டிக் கிடந்த சேலையையும் பார்த்தான்.

"சீலை... நனைஞ்சிட்டுது," என்றான்.

"ஓமப்பா, நனைஞ்சிட்டன். கதையாதேங்கோ. கரை தெரியுது."

கரை தெரியவில்லை. தெரிந்தபோது அவள் நெஞ்சின் மேலிருந்த பாரம் வேறு மாதிரியாக இருந்தது. இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்று கன்னத்தில் தட்டினாள். யாகப்பு திரும்பிப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அவன் கை மெசினை நோக்கிப் போனது.

"நிப்பாட்டாதேங்கோ!" என்று கத்தினாள் பரிமளம். "ஓடுங்கோ தம்பி, ஆசுபத்திரிக்குப் போகவேணும். நிப்பாட்டாதேங்கோ!"

அவன் நிப்பாட்டவில்லை. குறிகட்டுவான் துறையில் ஒரு காரை மறித்து, ஆசுபத்திரி வரைக்கும் கூடவே வந்தான். இளம் டொக்டர் ஒருவர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"எத்தினை நாள்?"

"ஐஞ்சு."

"சுவாசப்பையில இறங்கியிருக்கு. வளர்ந்த ஆக்களுக்கு வந்தால் சிலநேரம் இப்படி வாறது. இருமல் தொடங்கின உடனை கொண்டு வந்திருந்தால்..." அவர் அவள் முகத்தைப் பார்த்து அத்தோடு விட்டுவிட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குச் சின்னாச்சி கடல் கடந்து வந்தாள். பெண்கள் சுற்றிவர இருந்த விறாந்தையில் பரிமளத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வார்க்க முந்திக் கடல் கடத்தினதுதான் அவவுக்குப் பொறுக்கேல்லை," என்றாள் எல்லோருக்கும் கேட்க. "நீ என்ன செய்வாய் பிள்ளை? தனிச்சு நிண்டாய், பயந்திட்டாய். ஆரும் உன்னில பிழை சொல்ல ஏலாது."

அன்பாகத்தான் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பரிமளமும் தலையாட்டியிருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும்.

"இல்லை அக்கா," என்றாள். "மூண்டாம் நாள் மார்க்கண்டு அண்ணை படலையில வந்து கேட்டவர். இவரும் ஓம் எண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான்."