வெள்ளாடு மேய்ந்த மருந்துச்சீட்டு

1

கோவில்பட்டி வட்டாரத்திலேயே கைராசியான வைத்தியம் பார்த்தது ஒரு வெள்ளாடு. பதினோரு மாத்திரையை ஒரே கடியில் நாலாகக் குறைத்தது. (ஆகவே வாய்ராசி.)

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சௌந்தரபாண்டியனின் மருந்துக்கடை பெஞ்சில். முப்பது வருஷம் மருந்துக் கம்பெனி ரெப்பாக டாக்டர்களிடம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான், அளப்பு நிற்கவில்லை. ஆனால் ஆடு நிஜம். சௌந்தரபாண்டியன்தான் நம்ப மாட்டேன் என்கிறார்.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ‘கரிசல் காட்டில் சூரியன்…’ வேண்டாம். சூரியனுக்கு யாரும் மாத்திரை எழுதவில்லை.

இரண்டாவது: இடைசெவலில் ஆடு மேய்க்கும் வேலுத்தாய்க்கு இரத்தக் கொதிப்பு. டாக்டர் மாயகிருஷ்ணன் நல்லவர்; ஆனால் மாலையில் வாசலில் இருநூறு பேர். (சரி, அறுபது.) பழைய சீட்டில் ‘இதையே தொடரவும்’ என்று எழுதி, அடியில் ஒன்று சேர்ப்பார். கொதிப்பு மாத்திரையால் கால் வீங்கியது, வீக்கத்துக்கு ஒன்று. மூட்டுவலி மாத்திரை வயிற்றை எரித்தது, எரிச்சலுக்கு ஒன்று. சேர்க்க நேரம் இருந்தது, எடுக்க இல்லை. மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

வேலுத்தாய் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒற்றை நாளில் வெள்ளை மாத்திரை, இரட்டை நாளில் கலர் மாத்திரை. ஒரு மாத மருந்து இரண்டு மாதம் ஓடியது. டாக்டரிடம் மூச்சுவிடவில்லை, ஏசுவாரே. கொதிப்பு இறங்கவில்லை என்று அவர் இன்னொன்று சேர்த்தார். இனி சினை ஆட்டை விற்றால்தான் மருந்து. விற்காவிட்டால் கையோ காலோ

(இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.)

3

எட்டயபுரம் சந்தைக்குக் கிளம்பிய காலையில், மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவரில் இருந்த சீட்டை அந்தச் சினை ஆடே உருவித் தின்றது. [முதல் வரைவில் நாற்பது ஆடுகள். முப்பத்தொன்பதை அடித்துவிட்டேன்.]

வேலுத்தாய் டாக்டரிடம் போய் நின்றாள்; அவரிடம் நகல் கிடையாது. அன்றுதான் வெற்றுத்தாள் எடுத்தார். எதை எப்போது விழுங்குகிறாள் என்று கேட்டார். ஒற்றை நாள், இரட்டை நாள் எல்லாவற்றையும் வேலுத்தாய் கொட்டிவிட்டாள். அவர் ஏசவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

“தப்பு எம்மேலதான் தாயி.”

பிறகு நாலே நாலு எழுதினார், விலை குறைந்த கம்பெனியாகப் பார்த்து. முந்நூற்றுப் பத்து ரூபாய். தினமும் விழுங்கினாள். அடுத்த மாதம் கொதிப்பு இறங்கியிருந்தது. விற்காத ஆடு ரெண்டு குட்டி போட்டது.

4

சௌந்தரபாண்டியனுக்குப் படித்துக் காட்டினேன்.

“பேப்பரத் திங்கும், அண்ணாச்சி. பிளாஸ்டிக் கவரோட திங்குமா? அவளே கிழிச்சிருப்பா.”

அவள் கிழித்ததாகவே ஒரு முடிவு எழுதினேன். டாக்டர் தானாகவே யோசித்ததாக இன்னொன்று. (அதை நானே நம்பவில்லை.) பிடித்ததை வாசகரே எடுத்துக்கொள்ளட்டும் என்று பேனாவை மூடும்போது, வேலுத்தாயே மருந்து வாங்க வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் சௌந்தரபாண்டியனைக் கைகாட்டிச் சிரித்துவிட்டாள்.

“மிச்சத் துண்ட மொதல்ல இவியகிட்டதான காட்டுனேன்? ‘ஒண்ணும் படிக்க முடியல, டாக்டர்ட்டயே போ’ன்னு வெரட்டுனதும் இவியதான்.”

சௌந்தரபாண்டியன் என்னைப் பார்க்காமல் மேசை டிராயரை இழுத்தார். கவரோடு ஒரு துண்டு. வரிசையாகப் பல் தடம், ஓரத்தில் அவர் கடை முத்திரை.

“எழுதிராதிய அண்ணாச்சி. ஊரே சீட்ட ஆட்டுக்குப் போட்டுட்டு வந்தா எங் கடை என்னாவும்?”

பிறகு, வேறு யாருக்கும் கேட்காதபடி:

“ஆடுதான் தின்னுச்சு.”