லோட்டேக்கு ஓர் இருட்டு வீடு

நான் செய்த கண்ணாடி அலுமாரியில் குறை சொன்னவர் லண்டனில் யாருமில்லை. நம்பாவிட்டால் அப்டன் பார்க்கில் ஞானரட்ணம் அண்ணையின் நகைக்கடைக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் கால் வைத்ததும் அட்டியல் கண்ணில் அடிக்கும். நூல் போன்ற சங்கிலியையும் கனமாகக் காட்டுகிற வெளிச்சம் அது, முழுக்க என் கைவேலை. கடைகளுக்கு அலுமாரி அடிக்கிறவனுக்கு ஒரே வேதம்தான். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். அந்த வேதத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு மலைப்பாம்பைப் பட்டினி போட்டேன்.

பாம்பு என் மகள் தாரகாவுடையது. அவளுக்குப் பதினாறு வயது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளையின் இங்கிலிஷ் படிப்பு, பக்கத்தில் கோயில், சொந்தக்காரர் என்று அங்கிருந்த தமிழ்ச் சனமெல்லாம் லண்டனுக்குக் கிளம்பியபோது நாங்களும் கிளம்பினோம். போன வருடம் மோர்டனில் வீடு வாங்கினோம். என் மனைவி சிவனேஸ்வரிக்கு வந்த கிழமையே தெருவெல்லாம் சிநேகிதம் ஆகிவிட்டது. தாரகாவுக்கு மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருவாள், அறைக்குள் போவாள், கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

கோடை விடுமுறையில் ஒரு நாள், தான் ஸ்டுட்கார்ட்டுக்கே திரும்பிப் போகப்போவதாகச் சொன்னாள். என் தங்கை மாலினி அங்கேதான் இருக்கிறாள். மாமி தன்னை வைத்துப் படிப்பிக்கச் சம்மதித்துவிட்டாள், கிறிஸ்மசுக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறேன் என்றாள். நான் கத்தினேன். கத்துவது எனக்கு நன்றாக வரும். அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் இந்த வீட்டை நான் யாருக்காக வாங்கினேன்?

அந்த நேரத்தில்தான் அவள் பாம்பு கேட்டாள். கைவிடப்பட்ட பாம்பு, பல்லி, ஆமைகளைப் பராமரிக்கிற ஜோன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் ஒரு பால் பைதன் இருந்தது. ஆபிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு. விஷமில்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளுமாம், அதனால்தான் 'பால்', பந்து என்று பெயராம்.

"அதை வாங்கித் தந்தா நீ இஞ்ச நிப்பியோ?" என்று கேட்டேன்.

"பாப்பம்," என்றாள்.

அந்த ஒரு 'பாப்பம்' என்ற சொல்லுக்காகத்தான் வீட்டுக்குள் பாம்பு வந்தது. சிவனேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகு பாம்பு என்ற சொல்லையே சொல்லமாட்டாள் அவள். "உங்கட மகளின்ர பூச்சி" என்றுதான் சொல்லுவாள். மகள் அதற்கு லோட்டே என்று பெயர் வைத்தாள்.

லோட்டேக்கு என்ன தேவை என்று தாரகா எனக்குத் தெளிவாகச் சொன்னாள். பெரிய இடம் வேண்டாம், மூன்று பக்கமும் மூடியிருக்கட்டும், உள்ளே ஒளிந்துகொள்ள இருட்டுப் பெட்டி வேண்டும் என்றாள்.

"ஒளிச்சு வச்சா ஆர் பாக்கிறது?" என்றேன்.

"ஆரும் பாக்கத் தேவையில்லை அப்பா."

நான் சிரித்தேன். பதினாறு வயதுக்காரி எனக்கு அலுமாரி படிப்பிக்கிறாள் என்று நினைத்தேன். ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி செய்தேன். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே நகைக்கடை விளக்கு, தரையில் முகம் பார்க்கிற கண்ணாடி. அடியில் சூடு கொடுக்கிற விரிப்பையும், அந்தச் சூடு ஏறிவிடாமல் பார்க்கிற கருவியையும் அவள் சொன்னபடியே பொருத்தினேன். மின்சார விஷயத்தில் நான் விளையாடுவதில்லை. ஒளிய இடம் கேட்டாளே என்று வழுவழுவென்ற கல்லில் ஒரு வளைவு வாங்கி வைத்தேன். அதன் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. பெட்டியைக் கொண்டுபோய் ஹோலில் வாசலுக்கு நேரே நிறுத்தினேன்.

சனி ஞாயிறுகளில் வீடு நிறையச் சனம். ஞானரட்ணம் அண்ணை மோதிர விரலால் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டி, "எழும்பன் பிள்ளை" என்று பாம்போடு கதைப்பார். பாம்பு காட்டி முடிந்ததும் நான் மாடியைப் பார்த்துக் கூப்பிடுவேன்.

"தாரகா, இறங்கி வா பிள்ளை. மாமாவுக்கு ஜெர்மன்ல நாலு சொல்லு பாப்பம்."

அவள் வந்து வணக்கமாக ஒரு 'குட்டன் டாக்' சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவாள். பிள்ளைக்கு வெட்கம் என்று வந்தவர்களுக்குச் சொல்லுவேன்.

லோட்டே சாப்பிடவில்லை. கடையில் விற்கிற உறைந்த எலியை வெதுவெதுப்பாக்கி இடுக்கியில் பிடித்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் பந்தாகிவிடும். இடம் மாறினால் அப்படித்தான் என்று முதலில் அலட்சியமாக இருந்தேன். வாரங்கள் போயின. முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை, மன அழுத்தம் என்றார். லண்டனுக்கு வந்தால் பாம்புக்கும் அது வந்துவிடுகிறது என்று வீட்டில் பகிடி விட்டேன். தாரகா சிரிக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"சனிக்கிழமை ஜோன் வந்து லோட்டேயைத் திருப்பிக் கொண்டு போறா. இனியும் விட்டா செத்துப்போகுமாம்."

அதே குரலில், மூச்சு விடாமல், "மாலினி மாமிட்டயும் டிக்கெட் போடச் சொல்லிட்டன்" என்றாள்.



சனிக்கிழமை காலை பெட்டி வெறுமையாகக் கிடந்தது. நகைக்கடை அலுமாரி மாதிரியே இதற்கும் நான் ஒன்றின்மேல் ஒன்று ஓடுகிற இரண்டு கண்ணாடிக் கதவுகள் போட்டிருந்தேன். நடுவில் பூட்டு. இரண்டுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள்ளால் ஒரு கள்ளன் கை விட ஏலாது. பட்டினி கிடந்து மெலிந்த பாம்புக்கு அது வாசல் போல இருந்திருக்கிறது.

சிவனேஸ்வரி சோபாவில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு முருகனைக் கூப்பிடத் தொடங்கினாள். நான் சப்பாத்து அடுக்கு, திரைச்சீலை, உடுப்புத் தோய்க்கிற மெசின் எல்லாவற்றையும் புரட்டினேன். வாய் ஓயாமல் எல்லாரையும் ஏசினேன். தாரகா குசினிக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். சமையல் அலுமாரிகளின் அடிப்பலகையோடு கையை வைத்து நகர்ந்து நகர்ந்து போனாள்.

"அப்பா, இந்த இடம் சூடாக் கிடக்கு. இதைக் கழட்டுங்கோ."

பின்னால் சுடுதண்ணீர்க் குழாய் போகிற மூலை அது. பலகையைக் கழற்றி டோர்ச் அடித்தேன். உள்ளே கையளவு உயரம்கூட இல்லை. தூசும் இருட்டும். அங்கே லோட்டே படுத்திருந்தது. முதுகு சுவரில் முட்ட, விலா குழாயில் முட்ட, தளர்ந்த வளையங்களின்மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது.

"லைட்டை அணையுங்கோ," என்றாள் மகள். பிறகு மெதுவாக, "பாத்தனீங்களோ? எங்கட வீட்டுக்கு வந்து இண்டைக்குத்தான் அது பந்தாகாமக் கிடக்குது."

உயிரோடு இருக்கிறதே என்று ஆறுதல் வந்தது. கூடவே என்மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. விளக்கும் கண்ணாடியுமாக நான் கட்டிய மாளிகையை விட்டு, ஒரு சீவன் என் குசினித் தூசுக்குள் வந்து நிம்மதி தேடியிருக்கிறது.

"நீ முதலே சொன்னனி பிள்ளை," என்றேன்.

"ஓம்," என்றாள். நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜோன் வந்தார். ஹோலில் நின்ற பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மிக அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கென்றால் இதற்குள் ஒரு நாளும் நித்திரை வராது என்றார். நான் தலையைக் குனிந்தபடி இன்னொரு கிழமை, ஏழே ஏழு நாள், தவணை கேட்டேன். பாம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரியென்றார்.

அன்று மத்தியானமே கராஜில் வேலை தொடங்கினேன். தாரகா பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் வெட்டினேன். வாடிக்கையாளர் சொன்னதை மறுபேச்சில்லாமல் நான் செய்தது அன்றைக்குத்தான். மூன்று பக்கமும் கூரையும் பலகை. உயரம் குறைவு. முன்னால் மட்டும் ஒற்றைக் கண்ணாடிக் கதவு, இடைவெளியில்லாமல் பூட்டுகிற மாதிரி. காற்றுக்குத் துளைகள். புரள ஏலாத பாரமான தண்ணீர்க் கிண்ணம். தரையில் தேங்காய்த் தும்பு. சூடான பக்கம் ஒன்று, குளிரான பக்கம் ஒன்று என்று இரண்டு கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு சின்ன வாசல். சூட்டுக்காக அது ஒளிப்பிடத்தை விட்டு வெளியே வரவேண்டிய அவசியம் இருக்கக்கூடாதாம்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டட்டோ? உள்ளுக்க நெருக்கப்படுமே," என்று கேட்டேன்.

"நாலு பக்கமும் உடம்பு முட்ட வேணும் அப்பா. முட்டினாத்தான் அதுக்குப் பயமில்லை."

கூட்டை ஹோலில் வைக்கவில்லை. மாடியில் அவள் அறைக்குக் கொண்டு போனோம். மேலே ஒரு துணியையும் போட்டாள். லோட்டே சூடான பக்கத்துப் பெட்டிக்குள் வழுகிப் போனது. அதற்குப் பிறகு வாலைக்கூடக் காணவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஞானரட்ணம் அண்ணை வந்தார்.

"எங்கை தம்பி பாம்பு?"

"நித்திரை அண்ணை."

"பிள்ளை?"

"மேல தன்ர பாட்டில இருக்கட்டும். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. வடை இரண்டு கூட வைத்துச் சமாளித்தேன்.

தவணை முடிவதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்றைக்கு முட்டைகூட உள்ளே வராது. எலிப் பெட்டி கராஜில் தனிக் குளிர்பெட்டிக்குள் இருந்தது. தாரகா பின்னேரம் படியிறங்கி வந்து தயங்கி நின்றாள். சிவனேஸ்வரி பூசைத்தட்டைத் துடைத்தபடி, திரும்பிப் பாராமல் சொன்னாள்.

"சுடுதண்ணி கொதிச்சுக் கிடக்கு. அந்தப் பழைய தகரப் பேணியில எடுத்துக்கொண்டு போ. என்ர சட்டியைத் தொட்டியெண்டால் தெரியும். முருகன் கோவிக்கமாட்டார், அதுவும் ஒரு வயிறுதானே."

என்னை அறை வாசல்வரை வர விட்டாள் மகள். கூட்டின் கதவைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் வாசலுக்கு முன்னால் இடுக்கியை நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து நாக்கு வந்தது. மூக்கு வந்தது. என்ன நடந்ததென்று கண் பிடிக்கவில்லை, எலி இல்லை. உள்ளே தும்பு சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தாரகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, திண்டிட்டுதோ?" என்று கீழே படியடியிலிருந்து சிவனேஸ்வரி கேட்டாள். விளக்கு வைத்துவிட்டாள், அதனால் பெயர் சொல்லவில்லை.

"திண்டிட்டுது அம்மா."

மகள் என் தோளில் வந்து சாய்ந்தாள். சாய்ந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அன்று இரவு அவள் ஜோனிடம் தொலைபேசியில் விடாமல் கதைத்ததைக் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது.

ஆனால் டிக்கெட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அடுத்த கிழமை, நான் வேலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, என்ர அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாறியளோ? உள்பக்கமா."

"குமர்ப்பிள்ளை உள்ளுக்கப் பூட்டிக்கொண்டு இருக்கிறதோ?" என்று குசினிக்குள்ளிருந்து தாய் குரல் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவோம். எனக்கும் கோபம் தொண்டைவரை வந்தது. பூட்டி வைக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். விழுங்கிவிட்டு, துளைக்கிற மெசினை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

தாழ்ப்பாள் போடுவது சின்ன வேலை. நான் மெனக்கெட்டு நேரமெடுத்துச் செய்தேன். சத்தமில்லாமல் ஓடுகிற நல்ல பித்தளை. முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. மூடின கதவுக்கு முன்னால் மெசினும் கையுமாக நின்றேன்.

"அப்பா, நிக்கிறியளோ?" உள்ளேயிருந்து அவள் குரல்.

"ஓம் பிள்ளை."

"மாலினி மாமிக்கு எடுத்துச் சொல்லுங்கோ. கிறிஸ்மசுக்கு வாறன். ஆனா அங்க நிக்கமாட்டன், திரும்பி வந்திடுவன் எண்டு."

"சரி பிள்ளை, சொல்லுறன்," என்றேன்.

மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிவனேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு படியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னவாம்? கதவைப் பூட்டிக்கொண்டு என்ன சொல்லுறாள்?"

"இஞ்சதான் நிக்கிறாளாம்," என்றேன்.