டூப்ளிகேட்டுங்க மாமா

சிவபிரகாஷ் கையில் கட்டியிருந்த வாட்ச் டூப்ளிகேட். அதை அவன் யாரிடமும் ஒளித்தவன் இல்லை. கேட்டவர்களிடம் சொன்னான், கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொன்னான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஊரில் ஒரு ஆள் நம்ப வேண்டுமே!

குற்றத்தில் பாதி ஊருடையது. நாமக்கல் பக்கம் இருக்கிறவன் எவனும் இருக்கிறது என்று சொல்லமாட்டான். நாற்பது லாரி ஓட்டுகிறவரைக் கேட்டால், "ஏதோ வண்டி ரெண்டு ஓடுதுங்க" என்பார். மூன்று லட்சம் கோழி வைத்திருப்பவர், "கோழி கொஞ்சம் கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட ஊரில், பச்சை முகமும் தங்க ஓரமுமாக ஒரு சுவிஸ் கம்பெனி வாட்சைக் கட்டிக்கொண்டு, "டூப்ளிகேட்டுங்க, ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாங்க" என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? லட்சக்கணக்கில் விலை போகும் ஒரிஜினல் என்றுதான் அர்த்தம். வருமான வரிக்காரனுக்குப் பயந்து சொல்கிறான் என்று அர்த்தம்.

சிவபிரகாஷுக்கு இருந்ததோ திருச்செங்கோடு ரோட்டில் ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதுவும் வாடகைக் கடை. லாரிக்கு டூப்ளிகேட் சாமான் விற்காதவன் என்று அவனுக்குப் பெயர் உண்டு. பிரேக் லைனிங் கேட்டு வருகிறவரிடம், "இது கம்பெனி சாமானுங்க, அது லோக்கலுங்க" என்று இரண்டையும் எடுத்து வைத்துச் சொல்லிவிட்டுத்தான் பில் போடுவான். அந்த வாயால் கையிலிருப்பதைப் பற்றி மட்டும் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் வாட்சைக் கழற்றவும் மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

வினை பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பிடித்தது. பெண் இலக்கியா, ஓமலூர். அவள் அப்பா குழந்தைவேல் முப்பது வருஷம் சொந்த லாரி ஓட்டிவிட்டு, இப்போது மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். காப்பி டம்ளரை நீட்டியவரின் கண், வாங்கியவனின் மணிக்கட்டில் நின்றது.

"மாப்பளைக்கு வாட்ச் அருமையா இருக்குதுங்க."

"டூப்ளிகேட்டுங்க மாமா."

கூடம் முழுக்கச் சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, மெச்சுகிற சிரிப்பு. "பாருங்க, எத்தனை அடக்கம்!" என்றார் குழந்தைவேலின் பங்காளி குருமூர்த்தி. சிவபிரகாஷ் விலையைச் சொன்னான், வாங்கிய வெப்சைட்டின் பெயரைச் சொன்னான். சொல்லச் சொல்ல மரியாதை ஏறிக்கொண்டே போனது. திரும்புகிற வழியில் அவன் அம்மா பெருமாயி காரிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, அந்தக் கருமத்தைக் கட்டாமத்தான் இரு, இல்லாட்டி வாயையாவது மூடிக்கிட்டு இரு. ரெண்டுல ஒண்ணு பண்ணமாட்டயா?"

அவன் இரண்டையும் செய்யவில்லை. அடுத்த முறை ஓமலூர் போனபோது மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனான். "லாக்கர்ல வெச்சிட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இலக்கியா போன் செய்தாள்.

"ஏனுங்க, எங்கப்பா பைபாஸ் பக்கத்து மனையை விக்கறாருங்க. திங்கக்கெழமை பத்திரம். உங்களுக்கு வாட்ச் எடுக்கத்தானுங்க."

நிச்சயத்தன்று பெண் வீட்டார் சபையில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டிவிடுவது வழக்கம். அதற்கு எல்லோரும் நாலாயிரம், ஐயாயிரத்தில் ஒன்றை எடுப்பார்கள். அந்த மனை இலக்கியாவின் தங்கை மோனிஷாவின் படிப்புக்கென்று போட்டு வைத்தது. பிளஸ் டூ படிக்கிற பெண். அந்த ஒரு மனையை விட்டால் குழந்தைவேலுக்குத் தீவன மூட்டைகள்தான் சொத்து.

உடனே குழந்தைவேலைக் கூப்பிட்டான்.

"மாமா, தயவு பண்ணி மனையை வித்துப்போடாதீங்க. என்ற வாட்ச் சத்தியமா டூப்ளிகேட்டுங்க."

"தெரியுமுங்க மாப்பள. இப்படித்தான் சொல்லுவீங்கன்னு இலக்கியா அம்மாகூட இப்பத்தான் சொன்னா." குரலில் பாசம் வழிந்தது. "உங்க கையில கெடக்கறதைக் கழட்டிப்போட்டு, நாங்க அதை உடக் கொறைஞ்சதைக் கட்டி உட்டா, ஒறம்பரை சனத்துக்கு முன்னால என்ற மூஞ்சியை எங்கீங்க வெச்சுக்குவேன்? நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. நான் கேக்கலாமுங்களா?"

செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதினவனுக்குக் காற்றாவது மிச்சம். சிவபிரகாஷுக்கு மூச்சுதான் முட்டியது. சத்தியம் செய்தால் அடக்கம், கெஞ்சினால் பெருந்தன்மை, கோபப்பட்டால் பெரிய இடத்துக் கோபம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பேச்சு உதவாது, ஆளைக் கூட்டிப்போய்க் கண்ணில் காட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை காலையில் குழந்தைவேலைச் சேலத்துக்கு வரச் சொன்னான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பரக்கத் அலி பாயின் வாட்ச் ரிப்பேர் கடை. நாற்பது வருஷமாக அதே மேசை, அதே கண்ணாடி. சிவபிரகாஷ் வாட்சைக் கழற்றி வைத்தான்.

"பாய், இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா, இவருக்கு நல்லா வெளங்கற மாதிரி சொல்லுங்க."

பாய் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். அரை நிமிஷம் ஆகவில்லை. "டூப்ளிகேட் தம்பி. உள்ள இருக்கறது சீனா மிஷின். இந்த ஸ்க்ரூவைப் பாருங்க, ஒரு வருஷத்துல துரு ஏறியிருக்கு. அந்தக் கம்பெனிக்காரன் பாத்தா அழுதுடுவான்."

அப்பாடா என்றிருந்தது சிவபிரகாஷுக்கு. வெற்றியோடு மாமனாரைப் பார்த்தான். அவர் பாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பாய்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுப்போட்டீங்க."

பாய் லென்ஸைக் கழற்றிவிட்டார். "ஏங்க பெரியவரே, டூப்ளிகேட்டை ஒரிஜினல்னு சொல்லச் சொல்லிக் காலைப் பிடிச்சவங்க நூறு பேர் வந்திருக்காங்க. ஒரிஜினலை டூப்ளிகேட்னு சொல்லச் சொல்லி இந்தக் கடைக்கு எவனும் வந்ததில்லை."

"அதாங்க, எங்க மாப்பள மாதிரி ஆளை நீங்க இன்னும் பாத்ததில்லைங்க."

சிவபிரகாஷுக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. மேசை ஓரத்தில் கிடந்த சின்னச் சுத்தியலை எடுத்தான். பாய் "தம்பி, தம்பி" என்பதற்குள் வாட்சின் மேல் மூன்று போடு போட்டான். கண்ணாடி தெறித்தது. முள் ஒன்று பாயின் டீ டம்ளருக்குள் போய் விழுந்தது. தங்க ஓரம் உரிந்து உள்ளே வெறும் தகரம் இளித்தது.

"பாருங்க மாமா! ஒரிஜினலா இருந்தா ஒடைப்பனுங்களா? சொல்லுங்க, எவனாவது ஒடைப்பானுங்களா?"

குழந்தைவேல் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மருமகனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என்ற மனை போகக்கூடாதுன்னு இத்தனை பெரிய பொருளை ஒடைச்சுப்போட்டீங்களே சாமி! இப்ப வெறுங்கையா நிக்கறீங்க. இனி நான் எடுத்துக் குடுக்காட்டி மனுசனுங்களா நான்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு பிடிக்கப் போனவனுக்குப் பிள்ளையார் பட்டம் கட்டிவிட்டார்கள். பாய் டம்ளரிலிருந்து முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் வெச்சிடுங்க. அது ஒரிஜினல்" என்றார்.

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் இலக்கியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான். "உங்கப்பாவுக்கு என்னதாங்க வேணும்? இதுக்கு மேல நான் எப்படிங்க உண்மையைச் சொல்றது?"

"உண்மையை உடுங்க. நீங்க ஏன் அந்த வாட்சைக் கட்டினீங்க?"

"அழகா இருந்துதுங்க."

"நாலு பேரு பாக்கோணும்னு கட்டினீங்க. பாத்ததுக்கப்பறம் நல்லவன்னு பேரும் வேணும்னு டூப்ளிகேட்னு சொன்னீங்க. ரெண்டும் உங்களுக்குக் கெடைச்சுது. மனை மட்டும் என்ற தங்கச்சிது போகுது." அவளுக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. "எங்கப்பா மனுசன் சொன்னா நம்பமாட்டாரு. ஜோசியர் சொன்னா நம்புவாரு. அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்."

"நான் பொய் சொல்றதில்லைங்க."

"அப்ப உங்க உண்மையை நீங்களே வெச்சுக்குங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

சுருக்கென்று தைத்தது அவனுக்கு. ராசிபுரம் தாண்டும் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் வாட்சைப் பார்க்கிறார்களா என்று எத்தனை தடவை சட்டைக் கையை வேண்டுமென்றே மடித்துவிட்டிருக்கிறான்! "டூப்ளிகேட்டுங்க" என்று சொன்னதும் எதிராளி முகத்தில் வருகிற மதிப்பை எத்தனை தடவை ருசித்திருக்கிறான்! வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவன் அவன். குடைவதோ பதினேழு வயதுப் பெண்ணை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓமலூர் வீட்டு வாசலில் நின்றான். வெறுங்கை. குழந்தைவேல் பல் தேய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மாப்பள. என்னுங்க இத்தனை வெள்ளென?"

"மாமா, ஒரு சமாச்சாரம் மறைச்சுப்போட்டனுங்க." முப்பத்தோரு வயதில் முதல் பெரிய பொய், நாக்கு பழகாமல் தடுக்கியது. "அந்த வாட்ச்... ஒரிஜினல்தானுங்க."

குழந்தைவேல் சிரிக்கவில்லை, வியக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததுதானே. "சொல்லுங்க" என்றார்.

"அதைக் கட்டின நாள்லருந்து ஏவாரம் படுத்துப்போச்சுங்க. எங்க ஜோசியர்கிட்டப் போனனுங்க. ஏழரைச் சனி ஓடுது, புதுக் கடியாரம் உன்ற கைக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. அதுனாலதான் டூப்ளிகேட்னு சொல்லித் தட்டிக் கழிக்கப் பாத்தனுங்க. நேத்து ஒடைச்சதும் அதுக்குத்தானுங்க. கட்டறதா இருந்தா, மாமனார் கட்டிப் பழகின பழசைத்தான் கட்டோணுமாமுங்க."

மூன்று மாதமாகச் சொன்ன உண்மை ஏறாத காதில் இது ஒரே நிமிஷத்தில் ஏறிவிட்டது. குழந்தைவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அட சாமி! இதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்று தம் ஜோசியருக்குப் போன் போட்டார். சிவபிரகாஷின் ஜாதகம் அந்த ஜோசியரிடம்தான் இருந்தது. ஏழரைச் சனியும் இல்லை, ஒன்றுமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

ஸ்பீக்கரில் ஜோசியர் குரல் கணீரென்று வந்தது. இன்னொரு ஜோசியர் கண்டுபிடித்ததைத் தான் விட்டுவிட்டதாக அவர் ஒப்புக்கொள்வாரா? "ஆமாங்க ஆமாங்க, நானே நிச்சயத்துக்கு முன்னால சொல்லலாம்னுதான் இருந்தேன். புதுசு ஆகவே ஆகாது."

திங்கட்கிழமை பத்திரம் நடக்கவில்லை. மோனிஷாவின் மனை மோனிஷாவிடமே இருந்தது.

நிச்சயத்தன்று குழந்தைவேல் சபையில் எழுந்து, தன் மணிக்கட்டிலிருந்து பழைய சாவி வாட்சைக் கழற்றினார். கண்ணாடி முழுக்கக் கீறல், தோல் வாரில் முப்பது வருஷத்து வியர்வை. நாக்பூருக்கும் கான்பூருக்கும் ஸ்டியரிங் பிடித்த கையில் கிடந்தது. அதை மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டுக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடக்கத்துக்காக இத்தனை நாள் ஒரே பொய்யாச் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. கடைசில மனசு கேக்காம ஊட்டு வாசல்ல வந்து நின்னு உண்மையைச் சொல்லிப்போட்டாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசனுங்க என்ற மாப்பள."

சபை தலையாட்டியது. சிவபிரகாஷுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவமானம் காது மடல் வரைக்கும் சுட்டது. இலக்கியாவைப் பார்த்தான். அவள் புடவை மடிப்பைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பந்திக்குப் போகிற வழியில் குருமூர்த்தி பக்கத்தில் வந்து, வாட்சை உற்றுப் பார்த்தார். "இந்த மாதிரி பழசுக்குத்தானுங்களே இப்ப ஏலத்துல லட்சக்கணக்குல கேக்கறாங்க?"

"இல்லைங்க, மாமா லாரி ஓட்டறப்பக் கட்டினதுங்க. அவ்வளவுதானுங்க."

"சரி சரி, நான் வெளிய சொல்லலைங்க" என்று முதுகில் தட்டிவிட்டு அவர் இலைக்குப் போனார்.

சிவபிரகாஷ் பின்னாலேயே போய் விளக்க வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். குழந்தைவேல் பந்தி மேற்பார்வையில் இருந்தார். சாம்பார் வாளிக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, நேரம் பார்க்கப் பழக்கதோஷத்தில் கையைத் திருப்பினார். வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த தடம்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாப்பள, மணி என்னங்க?"

சிவபிரகாஷ் கீறல் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான்.

"பத்தே முக்காலுங்க மாமா."

"அப்பிடீங்களா" என்றார் குழந்தைவேல். அதை அவர் நம்பினார்.