சிலுவையின் பின்பக்கம்

கல்லறையில் நடவேண்டிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஜோவிதா வாசலுக்கு வந்துவிட்டாள். புருஷனைப் பெட்டியில் கிடத்திவிட்டு எந்தப் பெண்டாட்டியாவது கடைக்குக் கிளம்புவாளா? துக்கத்துக்கு வந்திருந்த ஆஸ்டின் டவுன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். கொழுந்தன் டென்சில் ஓடிவந்து மறித்தான்.

“அண்ணி, நாலு மணிக்குப் பூசை. பேரு எழுதணும், அவ்ளோதானே? நான் போயி ஸ்டிக்கர் ஒட்டிட்டு வரேன். நீங்க உள்ள உக்காருங்க.”

“உங்கண்ணன் பேருக்கு ஸ்டிக்கரா? ஆட்டோ கூப்பிடு டென்சில்.”

கூப்பிட்டான். வேறென்ன செய்வான்?

வேலை பார்த்த கம்பெனியை மூடியபிறகு அவள் புருஷன் அலெக்சாண்டருக்கு ஒரே ஆசைதான். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகர ஷெட்டில் மெஷின் போட்டுப் பெயர்ப்பலகை செய்யவேண்டும். எந்த மெஷின் என்பதில்தான் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காக வழக்கு. லேசர் பலகையை மேலாகச் சுட்டு எழுதும், சத்தம் போடாது. ரூட்டர் மரத்தைக் குடைந்து எழுதும், தெருவையே எழுப்பும். “பேருன்னா விரலுக்குத் தட்டுப்படணும்டி” என்பார் அவர். ஜோவிதா ஒற்றைத் தலைவலிக்காரி. “வாங்குனா லேசர், இல்லாட்டி ஒண்ணும் வேணாம். உங்க ரூட்டர் ஓடுனா என் மண்டை வெடிச்சிடும்” என்பாள். கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்துவிட்டார்.

ஜீவனஹள்ளியில் கிரண் கடையில் இரண்டு மெஷினும் உண்டு. அலெக்சாண்டர் மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்க்கிற கடை அது. சிலுவையைப் பார்த்ததுமே கிரணுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அய்யோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான். “அண்ணாவா! லேசர்லதானே அக்கா எழுதணும்?”

“ரூட்டர்ல.”

கிரண் விழித்தான். “அண்ணா போன வாரம் வந்து லேசரே வாங்கிடலாம்னு சொல்லிட்டுப் போனாரே அக்கா. ‘அவளுக்குத் தலைவலி வரும் கிரண், ரூட்டர் வேணாம்’னாரு. உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கில் ஜெயித்த செய்தி இப்படியா ஜோவிதாவுக்கு வந்து சேரவேண்டும்?

“ரூட்டர்லயே போடு கிரண்.”

“பெட்டிக்காரங்க குடுக்கற கட்டை அக்கா இது. ரொம்ப மெல்லிசு, தாங்காது.”

“போடுன்னா போடேன்!”

மெஷின் அலறியது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வலது நெற்றிப்பொட்டில் வலி குத்த ஆரம்பித்தது, குத்தட்டும் என்று நின்றாள். ‘அ’ ஆழமாக இறங்கியது. ‘லெ’யும் இறங்கியது. அடுத்த எழுத்தைத் தொடுவதற்குள் குறுக்குக்கட்டை படாரென்று பிளந்துகொண்டது. கிரண் பாய்ந்து நிறுத்தினான்.

அதற்குள் டென்சில் போனில் கத்தினான். “எங்க இருக்கீங்க அண்ணி? நீங்க வந்தாதான் பெட்டிய மூடமுடியும்.”

கிரண் விரிசலில் பிசினை ஊற்றி அழுத்திப் பிடித்தான். பிறகு சிலுவையை மறுபக்கம் திருப்பி, தயங்கித் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். லேசர் முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்தது. சத்தமே இல்லை. இந்த அமைதிக்காகத்தானே அத்தனை சண்டை போட்டாள்? இனி வீட்டில் இது மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தவள் மரத்தூளிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் குழியை மூடிச் சிலுவையை நட்டார்கள். பெயர் லட்சணமாக வந்திருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது.

“வாங்க அண்ணி, இருட்டுது” என்றான் டென்சில்.

ஜோவிதா சிலுவைக்குப் பின்னால் போய் மண்ணில் மண்டியிட்டாள். விரலை வைத்தாள். ‘அ’ தட்டுப்பட்டது. ‘லெ’ தட்டுப்பட்டது. அதற்கப்புறம் விரிசலும் பிசினும்தான். விரலை எடுத்து, மறுபடியும் ‘அ’விலிருந்து ஆரம்பித்தாள்.