பூஜையறைத் தாழ்ப்பாள்

மூன்றாம் மாடி வீட்டில் கதவைத் திறந்தவர் அந்த வீட்டுப் பெண்ணின் கணவர். சாமி கும்பிடுவதற்கும் மனநிம்மதிக்கும் என்ன தொடர்பு என்று பல்கலைக்கழகத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேட்பது வாசலில் நின்ற ஆய்வாளரின் வேலை. பூஜைக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தமும் பார்ப்பாள்.

"கேளுங்க, கேளுங்க. இவ பொழுதன்னைக்கும் பூஜையறையிலதான் கிடக்கிறா. உங்க ஆராய்ச்சிக்கு இவள விட்டா ஆள் கிடைக்காது" என்று அவர் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. நிம்மதியாக இருக்கிறீர்களா என்றதும் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் "இருக்கேன்" என்றாள். தூக்கம் எப்படி என்றதற்கு, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா" என்று அவரே பதில் சொன்னார்.

ஆய்வாளர் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பிரஷரைப் பூஜையறையிலதான் பாக்கணும் சார். நாங்க ரெண்டு பேர் மட்டும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனால் தடுக்கவில்லை.

உள்ளே போனதும் மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றுவதற்காக முந்தானையை ஒதுக்கியபோது, முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது.

"அக்கா, என்னக்கா இது?"

"இந்த வீட்டுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது இந்த ரூமுக்கு மட்டும்தாம்மா. மத்த எல்லாத்தையும் கழட்டிட்டார். சாமி ரூமாச்சேன்னு இதுல மட்டும் கை வைக்கல. மந்திரமெல்லாம் பாதி மறந்துபோச்சு. சும்மா மணிய ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். சத்தம் நின்னா..."

கதவு படபடவென்று தட்டப்பட்டது. "என்ன, மணிச்சத்தத்தையே காணோம்?"

அவள் பாய்ந்து மணியை எடுத்து ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே ஆய்வாளரின் காதோரம் குனிந்தாள். "என்னையும் கூட்டிட்டுப் போயிடும்மா."

அவளுடைய மறு கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது கருவியில் எண் எகிறியிருந்தது. ஆய்வாளர் கதவைத் திறந்தாள். "சார், அக்காவுக்கு பிரஷர் எக்கச்சக்கமா இருக்கு. உடனே ஆஸ்பத்திரி போகணும்."

அவர் கருவியைப் பார்த்தார். ஆய்வாளரை அதைவிட அதிக நேரம் பார்த்தார். "நானே கூட்டிட்டுப் போறேன். சட்டையப் போட்டுட்டு வரேன்."

அவர் படுக்கையறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், இருவரும் செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கினார்கள். இரண்டாம் மாடி வளைவில் இருக்கும்போதே மேலிருந்து குரல் வந்தது. "ஏய்! நில்லுடி!" பின்னாலேயே தடதடவென்று காலடிச் சத்தம். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினார்கள். பின்கண்ணாடியில், பொத்தான் போடாத சட்டையோடு அவர் ஓடிவருவது தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது இருவரும் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். அவர் வந்து சேருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ஊரின் மறுகோடியில் இருந்த, மனைவியின் தங்கை வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கை கதவைப் பூட்டி, மேசையை இழுத்து அதன்மேல் சாய்த்து வைத்தாள். அன்று மாலையே போலீசில் புகார் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை ஆய்வாளருக்குப் போன் செய்தாள். "அக்கா இன்னும் லைட்டப் போட்டுக்கிட்டுதான் தூங்குறா. ஆனா தூங்குறா. சாமி படத்துப் பக்கமே போகல. தோணும்போது கும்பிட்டுக்கிறேங்கிறா."

அந்தக் கணவர் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வாளரின் பெயரைக் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. அவள் இப்போதும் வீடு வீடாகப் போகிறாள். எந்த வீட்டிலும் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.